வலக்கைப் பட்டை

என் தம்பி சிதம்பரநாதன் பனியில் மண்டியிட்டு, மணிக்கட்டில் இருந்த பட்டையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி வீசும் காட்சி நாற்பது விநாடி ஓடும். கூடப் போன சுற்றுலாப் பயணி யாரோ எடுத்தது. எட்டு வருடத்துக்கு முன் அதை விருதுநகரில் பார்க்காத ஆள் இல்லை. பால்காரர் பார்த்தார். மின்வாரிய அலுவலகத்தில் என் கீழே வேலை பார்த்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். என் மகளைப் பெண் கேட்டு வந்திருந்த வீட்டார் பார்த்துவிட்டு ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள்.

அந்தப் பட்டை செய்யும் வேலை ஒன்றுதான். இரண்டு பேர் ஜோடியாகக் கட்டிக்கொண்டால், ஒருவர் உணர வேண்டிய குளிரை மற்றவர் உணர்வார். கொடுப்பவர் நடுங்காமல் நடப்பார். ஏற்பவர் இரண்டு பேருக்கும் சேர்த்து நடுங்கிக்கொண்டு நடப்பார். ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட்டவன் நடுவழியில் கழற்றினால், கொடுத்தவருக்கு அவருடைய குளிர் முழுதும் ஒரே நொடியில் திரும்பி வரும். தம்பி கழற்றினான். அவனோடு ஜோடி சேர்ந்திருந்த பூனாக்காரர், முன்பின் தெரியாதவர், அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார். மீட்புக்குழு வருவதற்குள் அவருக்கு மூன்று விரல்கள் போயின.

மிளகாய் வத்தல் வியாபாரம் செய்த எங்கள் வீட்டை ஊரில் வத்தல்கடை வீடு என்பார்கள். சொன்ன சொல்லுக்காக நஷ்டப்பட்டதையே பெருமையாகப் பேசிய வீடு. அந்த வீட்டில் பிறந்தவன் சொல்லைக் கழற்றி வீசியதை உலகமே பார்த்தது. நான் அவனோடு பேச்சை நிறுத்தினேன். ஆறு வருடத்துக்கு முன் மகள் கல்யாணப் பத்திரிகையில், பெரியப்பா சித்தப்பா மாமா என்று இருபத்திரண்டு பேர் போட்டேன். அவன் பெயரைப் போடவில்லை. அப்படியும் வந்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்தான். சாப்பிட்டான், போய்விட்டான். மேடையிலிருந்து பார்த்தேன். கூப்பிடவில்லை.

கிர்கிஸ்தானில் தம்பி போன அந்த மலைவழி விடுதியில் ஒரு பதிவேடு இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அக்-தாஷ் கணவாய்க்குக் குளிர்காலத்தில் கிளம்பிய ஒவ்வொருவர் பெயரும் அதில் நிற்கும். எதிரே 'கடந்தார்', 'திரும்பினார்', 'கழற்றினார்' என்று மூன்றில் ஒன்று. தம்பி பெயருக்கு எதிரே நின்ற சொல் என்னை உறங்கவிடவில்லை. அதன் கீழே இன்னொரு வரி வர வேண்டும். வத்தல்கடை வீடு, அம்பலவாணன், கடந்தார். பேரனுக்குக் காது குத்துவதற்குள் அந்த வரி வந்தாக வேண்டும் என்று அறுபத்தெட்டாம் வயதில் முடிவு செய்தேன்.

ஜோடிக்கு ஆள் வேண்டுமே. இருதயராஜைக் கேட்டேன்.

இருதயராஜ் முப்பது வருடம் என்னிடம் ஒயர்மேனாக இருந்து, கடைசியில் போர்மேனாக ஓய்வு பெற்றவர். என்னைவிட ஆறு வயது இளையவர். ஓய்வுக்குப் பிறகு தினமும் காலையில் சேர்ந்து நடப்போம். நண்பர் என்று நான்தான் சொல்லிக்கொள்வேன். அவர் 'சார்' என்பதை விட்டதே இல்லை.

"எவ்வளவு குளிரும் சார்?" என்று மட்டும் கேட்டார்.

"மைனஸ் இருபத்தஞ்சு."

"கொடைக்கானல் மாதிரி மூணு மடங்கு வச்சுக்கலாமா?"

"அஞ்சு மடங்கு வச்சுக்க. பயந்தா சொல்லு, வேற ஆள் பாக்குறேன்."

"நீங்க போனா நானும் வர்றேன் சார்" என்றார்.

ஓய்வூதியக்காரர்கள் போகிற பயணம் அது. குளிர்காலத்தில் விமானம் மலிவு, தங்குமிடம் மலிவு. பெட்டியில் பாதிக்கு இட்லிப்பொடியும் புளிக்காய்ச்சலும் அவல் பொட்டலங்களும். பூட்ஸ், கோட், கைத்தடி எல்லாம் அங்கே வாடகைக்கு. உள்ளே கம்பி ஓடிச் சூடேறும் உடுப்பு ஒன்று கிடைக்கும். அது எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. அறுபதைத் தாண்டியவர்கள் அந்த உடுப்பு இல்லாமல் ஏற வேண்டுமானால் பட்டை கட்டித்தான் ஆக வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம்.

எங்கள் வழிகாட்டி ஐஜமால் என்ற பெண்மணி. நாற்பது வயதிருக்கும். வெயிலில் காய்ந்த கன்னம், ஆண்பிள்ளை நடை. அவள் பேசுவதை ஆளுக்கொரு காதுக்கருவி எங்களுக்குத் தமிழாக்கித் தந்தது. பள்ளிக்கூடப் பாடநூல் தமிழ். எனக்குப் பிடித்திருந்தது.

மலையடிவாரத்து அலுவலகத்தில் எங்கள் நரம்புகளைப் பட்டைகளோடு பொருத்தவே அரை நாள் ஆயிற்று. ஒரு ஜோடிக்குப் பொருத்தியதை வேறொருவர் கட்ட முடியாதாம். பிறகு விரல் நுனிகளில் எதையோ வைத்துச் சோதித்தாள்.

"பெரியவரே, தங்கள் விரல்களில் இரத்த ஓட்டம் குறைவு. தாங்கள் கொடுப்பவராக இருங்கள். தங்கள் நண்பர் ஏற்பவராக இருக்கட்டும்" என்றது கருவி.

"அதெல்லாம் முடியாது. நான்தான் ஏற்பேன்" என்றேன். "எங்க வீட்டுப் பேரு போனதே ஏற்குற இடத்துலதான்."

அவள் இருதயராஜைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

அதன் பிறகு அவள் பட்டையைக் கட்டும் முறையைச் சொல்லத் தொடங்கினாள். நான் முப்பத்தாறு வருடம் மின்சாரத்தோடு குடித்தனம் நடத்தியவன். ஒரு ரப்பர் பட்டையைக் கட்ட எனக்கு ஒரு பெண்பிள்ளை சொல்லித்தர வேண்டுமா என்று கருவியைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். இருதயராஜ் பள்ளிப்பிள்ளை மாதிரி தலையாட்டிக்கொண்டே கேட்டார். இரண்டு பட்டைகளும் ஒரே மாதிரி இருந்தன. ஒன்றை எடுத்து வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன்.

"சார்" என்றார் இருதயராஜ். "அத இடது கையில..."

"காப்பு வலக்கையிலதான்யா கட்டணும். பொம்பளைங்கதான் இடக்கையில கட்டுவாங்க. உனக்கு வேணும்னா நீ கட்டிக்க."

பின்னால் வரிசையில், அங்கே மருத்துவம் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். கொல்லென்று சிரித்தார்கள். இருதயராஜும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் பட்டையை இடது கையில் கட்டிக்கொண்டார். இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. ஐஜமால் எங்கள் கைகளைப் பார்த்தாள், திருப்தியாகத் தலையசைத்தாள். என் உறுதியைக் கண்டு இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் நடை. முதல் நாள் பைன் மரங்களுக்கு நடுவே, முழங்கால் பனியில். பட்டை வேலை செய்ய ஆரம்பித்ததும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இரண்டு பேர் குளிரை வாங்கிக்கொண்டு நடக்கிறேன், உடம்பில் பங்குனி மாதத்துச் சாயங்காலக் காற்று படுகிற மாதிரிதான் இருக்கிறது. மூச்சு வாங்கியது, முழங்கால் வலித்தது. குளிர் மட்டும் இல்லை. திரும்பிப் பார்த்தால் இருதயராஜுக்குப் பல் தந்தியடித்தது.

"எதுக்குய்யா நடுங்குறே? உன் குளிருதான் எங்கிட்ட இருக்கே!"

"வயசாயிருச்சுல்ல சார்."

"உன்னைவிட எனக்கு ஆறு வயசு கூட. ரெண்டு பேர் குளிரையும் தூக்கிட்டு நான் நடக்கேன். எங்க ரத்தம் அப்படி. வத்தல்கடை வீட்டு ரத்தம்."

"மிளகா ரத்தம் சார். சூடாத்தான் இருக்கும்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். நல்ல பேச்சு என்று அதை நினைவில் வைத்துக்கொண்டேன், ஊரில் போய்ச் சொல்ல.

மதியத்துக்கு மேல் அவர் தொணதொணக்க ஆரம்பித்தார்.

"சார், இடது கை சுண்டுவிரல மடக்கி வைங்க."

"என் சுண்டுவிரல் உனக்கு எப்படிய்யா தெரியும்?"

"சும்மா தோணுச்சு சார்."

கொஞ்ச தூரம் போனதும், "வலது கால் சாக்ஸ் நனைஞ்சிருக்கு சார். மாத்திருங்க."

உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிப் பார்த்தேன். நனைந்துதான் இருந்தது. ஈரம் எனக்கே தெரிந்திருக்கவில்லை.

"ஜோசியம் பாக்க எப்பய்யா கத்துக்கிட்டே?" என்றேன். எனக்கு உலர்ந்த சாக்ஸை எடுத்துக் கொடுக்கும்போது அவருடைய கைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

முதல் விடுதியில் அடுப்பருகே ஐஜமால் அவரிடம் போய், "தாங்க முடிகிறதா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். என்னைப் பார்த்து, "தங்கள் நண்பர் மிக உறுதியானவர்" என்றாள். கருவிதான் ஆளை மாற்றிச் சொல்கிறது என்று முடிவு செய்தேன். என்னைத்தான் சொல்லியிருப்பாள்.

இரண்டாம் நாள் மரங்கள் முடிந்துவிட்டன. வெறும் பனி, வெறும் காற்று. இருதயராஜ் பேச்சைக் குறைத்துக்கொண்டார். 'கை', 'காது', 'முகத்தை மூடுங்க' என்று ஒற்றைச் சொற்கள்தான். எல்லாம் என்னைப் பற்றியவை. அவர் நடை தள்ளாடியது. ஒரு இடத்தில் நின்று கைத்தடியில் நெற்றியை ஊன்றிக்கொண்டார்.

"என்ன இருதயம், சிதம்பரம் மாதிரி நீயும் கழட்டி எறிஞ்சிராதய்யா. உனக்கு எறிய ஒண்ணும் இல்ல, அது வேற. குடுக்குறவனுக்கு என்ன கஷ்டம்?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். புருவத்தில் பனி உறைந்திருந்தது. ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "நடங்க சார், நின்னா கால் விறைக்குது" என்றார்.

"எனக்கு விறைக்கலையே."

"ஆமா சார்" என்றார்.

மேல் விடுதியில்தான் அந்தப் பதிவேடு இருந்தது. சுவரில் பதித்த திரை. தம்பி பெயரைச் சொன்னேன். வந்தது. சிதம்பரநாதன், ஏற்பவர், ஐந்து மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம், கழற்றினார். பக்கத்தில் சிவப்புக் கோடு ஒன்று ஏறிக்கொண்டே போய், உச்சியில் அறுந்து நின்றது.

"ஆறு மணி நேரம்கூட முழுசாத் தாங்கல" என்றேன். "நான் ரெண்டு நாளா நடக்கேன்."

ஐஜமால் திரையைக் காட்டி ஏதோ சொல்லத் தொடங்கினாள். சாக்குப்போக்காகத்தான் இருக்கும், அது எனக்கு வேண்டாம். கருவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் இருதயராஜைப் பார்த்துப் பேசி முடித்தாள். அவர் நெடுநேரம் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்குக் கணவாயை எட்டினோம். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு வாசல் மாதிரி அது. அந்தப் பக்கம் முழுதும் வெயிலும் வெள்ளையுமாகக் கண் கூசியது. ஐஜமால் தன் கருவியில் என் பெயரை எடுத்து, 'கடந்தார்' என்பதைத் தொட்டாள். நான் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்று படம் எடுத்துக்கொண்டேன். அப்பா இருந்திருந்தால் என்று நினைத்தபோது கண் கலங்கியது. அதையும் படத்தில் வரட்டும் என்று விட்டேன்.

அந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கி, காற்றுக்கு மறைவாகக் கல் அடுக்கிய இடத்தில் உட்கார்ந்தோம். ஐஜமால் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். இருதயராஜ் வாங்கிய குவளை கையில் நிற்காமல் விழுந்தது. இன்னொரு குவளை கொடுத்தாள். அதுவும் விழுந்தது.

"ஒரு டம்ளரப் பிடிக்க முடியல, நீயெல்லாம் எப்படிய்யா கம்பம் ஏறினே?"

ஐஜமால் அவருடைய வலது கையுறையை உருவினாள். நடுவிரலும் மோதிரவிரலும் மெழுகுவத்தி மாதிரி இருந்தன. அந்த வெள்ளை மனிதத் தோலில் நான் பார்த்ததில்லை.

அவள் வேகவேகமாகப் பேசினாள். நான் கருவியைத் தேடி எடுத்துக் காதில் வைத்தேன். "...ஏற்பவர்களுக்கு இது நேர்வதுண்டு. எது தன் குளிர், எது மற்றவர் குளிர் என்று பிரித்தறிய இயலாமல் போகும். மற்றவர் விரலைக் காப்பாற்றிக்கொண்டே தன் விரலை மறந்துவிடுவார்கள். இவர் ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"ஏற்குறவன் நான்தானேம்மா" என்றேன்.

அவள் என் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை.

"வலது கையில் கட்டினால் கொடுக்கும். இடது கையில் கட்டினால் ஏற்கும். முதல் நாளே சொன்னேனே, பெரியவரே. தாங்கள் மனம் மாறி என் சொல்லைக் கேட்டீர்கள் என்று மகிழ்ந்தேன்."

வலது மணிக்கட்டில் இருந்த பட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியுமாய்யா?"

"தெரியும் சார்."

"எப்பலேருந்து?"

"நீங்க கட்டும்போதே."

"வாயில என்னய்யா வச்சிருந்தே?"

"சொல்ல வந்தேன் சார். பொம்பளைங்கதான்னு சொல்லிட்டீங்க. பிள்ளைங்க எல்லாம் சிரிச்சிட்டாங்க. அதுக்கு மேல நான் சொன்னா அவங்க முன்னாடி உங்களுக்குல்ல அசிங்கம்." மூச்சு வாங்கியது அவருக்கு. "அப்புறம் ஏறியாச்சு. பாதிக் கம்பத்துல நின்னுக்கிட்டு, கரண்ட நிறுத்தி லைன் கிளியர் சரியாக் குடுத்தீங்களான்னு கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா சார்? அதோட அந்தம்மா சோதிச்சாங்கல்ல. உங்க விரலுக்குத் தாங்காது சார்."

உங்களுக்குத் தாங்காது. முப்பது வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் மறுப்பு அதுதான்.

"மாத்து" என்றேன். "இப்பவே மாத்து. கீழ் விடுதி வரைக்கும் நான் ஏற்குறேன்."

ஐஜமால் கூடாது என்றாள். நாற்பது நிமிட நடைதான், அவரவர் குளிரை அவரவர் வைத்துக்கொண்டு மெல்லப் போகலாம் என்றாள். நான் கேட்கவில்லை. என் பட்டையை அவிழ்த்து இடது கையில் கட்டினேன். இருதயராஜின் பட்டையை அவர் தடுக்கத் தடுக்க நானே வலது கைக்கு மாற்றினேன். சொல்லைக் காப்பாற்றுவது எப்படி என்று அந்த மலைக்குக் காட்டப் போகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். வாய்விட்டே ஏதோ சொன்னதாகவும் ஞாபகம்.

பச்சை விளக்கு எரிந்தது.

குளிர் என்று அதை நான் சொல்ல மாட்டேன். கொதிக்கிற எண்ணெயில் வலது கையை முக்கி எடுத்த மாதிரி இருந்தது. இரண்டு விரல்களை யாரோ அம்மியில் வைத்துக் குழவியால் நசுக்கினார்கள். நல்ல நிலையில் இருந்த என் விரல்களில் அவருடைய விரல்கள் செத்துக்கொண்டிருந்தன. அதற்கடியில் என்னுடைய குளிர். மூன்று நாளாக நான் முகம் பார்த்தே இராத என் சொந்தக் குளிர், பாதத்திலிருந்து முதுகெலும்பு வழியாக ஏறி மண்டையைப் பிடித்தது. மூச்சு உள்ளே போக மறுத்தது. ஐந்து அடி நடந்தேனா, பத்து அடி நடந்தேனா தெரியவில்லை. அம்மா என்று கத்தியது நான்தான் என்பது பிறகுதான் புரிந்தது.

பனியில் மண்டியிட்டிருந்தேன். வாயில் ரப்பரின் சுவை. பல்லில் ஒரு இழுப்பு. பட்டை தூரத்தில் பனியில் கிடந்தது.

"நான்கு நிமிடம்" என்றது காதுக்கருவி. ஐஜமால் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அளந்ததைச் சொன்னாள்.

பட்டையைக் கழற்றிய பிறகும் என் சொந்தக் குளிர் என்னை விடவில்லை. எழ முடியவில்லை. உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்தேன், அந்தப் பூனாக்காரர் மாதிரி. ஐஜமால் என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். கால் ஊன்றவில்லை. வானத்தைப் பார்த்தாள். "இவர் நடக்காவிட்டால் மூவரும் இங்கேதான் இருப்போம்" என்றாள்.

இருதயராஜ், தன் குளிர் ஒரே அடியாகத் திரும்பி வந்திருந்தும், நாலடி போய்ப் பனியில் கிடந்த பட்டையை எடுத்தார். விறைத்த கையால் அல்ல, மற்றக் கையால். கோட்டில் தேய்த்துத் துடைத்தார். தன்னுடையதைப் பல்லால் இழுத்து மறுபடி இடது மணிக்கட்டுக்கு மாற்றிக்கொண்டார். என் முன் குந்தினார்.

"கையக் குடுங்க சார்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. நாற்பது நிமிடம்தான். செத்திருக்க மாட்டேன். தவழ்ந்தாவது போயிருக்கலாம். வத்தல்கடை வீட்டு அம்பலவாணனான நான் அவருடைய கண்ணைப் பார்க்காமல் கையை நீட்டினேன். வலது கையை.

பங்குனி மாதத்துச் சாயங்காலக் காற்று திரும்பி வந்தது. எழுந்து நடந்தேன். பின்னால் அவருடைய பல் தந்தியடிக்கும் சத்தம் விடுதி வாசல் வரைக்கும் கேட்டது. ஒரு இடத்தில், "காத மூடுங்க சார்" என்றார்.

நகரத்து ஆஸ்பத்திரியில் இருதயராஜுக்கு இரண்டு விரல்களில் மேல் கணுவை எடுத்தார்கள். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துச் சாய்ந்திருந்தார். நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தேன்.

"நீங்க கொஞ்சம் தூங்குங்க" என்றேன்.

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "என்ன சார், நீங்க வாங்கன்னு? டாக்டர் எதும் மோசமாச் சொல்லிட்டாரா?"

"இல்ல."

"அப்பப் பழசு மாதிரியே கூப்பிடுங்க சார். பயமா இருக்கு."

கொஞ்ச நேரம் சுளையை மென்றார். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "அன்னைக்கு மேல் விடுதியில அந்தம்மா சொன்னத நீங்க கேக்கல. சிதம்பரம் தம்பி வந்த வருசம் பனிச்சூறாவளியாம். கூட வந்த ஆளுக்கு நல்ல காய்ச்சலாம். குளிர்க்காய்ச்சலோட குளிரும் சேந்து இவருக்கு வந்திருக்கு. அந்த மாதிரி நாள்ல ஒரு மணி நேரம் தாங்குனாலே பெருசாம். அஞ்சே முக்கால் மணி நேரத்த அவங்க இன்னும் பேசிக்கிறாங்களாம்."

நான் இன்னொரு பழத்தை எடுத்து உரித்தேன்.

"நம்ம பாப்பா கல்யாணத்துல எனக்குப் பக்கத்துலதான் சார் சாப்பிட்டாரு. ரெண்டாம் பந்தியில. அப்பக்கூட ஒரு வார்த்தை சொல்லல. பாயசம் நல்லாருக்குண்ணே, இன்னொரு கரண்டி வாங்கிக்கோங்கன்னாரு."

என் தம்பியை இரண்டாம் பந்தியில் உட்கார விட்டது எனக்குத் தெரியும். இருதயராஜையும் அங்கேதான் உட்கார வைத்திருந்தேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊருக்கு வந்தால் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். கண் கலங்கி நிற்கும் என் படம், 'பனிமலை கடந்த எங்கள் பொறியாளர் ஐயா' என்று. ஓய்வூதியர் சங்கம் வைத்தது. அவிழ்க்கச் சொன்னேன். "ஐயாவுக்கு அடக்கம்" என்று மெச்சிவிட்டு இன்னும் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இருதயராஜின் விரலைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அவரே பதில் சொல்லிவிட்டார்: "நான் கையுறை சரியாப் போடல."

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நாற்பது விநாடியை மறுபடி போட்டுப் பார்த்தேன். நூறு தடவை பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் முகத்தைத்தான் பார்த்தேன், எங்கள் அப்பாவின் மூக்கும் நெற்றியும் இருந்த முகத்தை. பட்டை எந்தக் கையில் இருந்தது என்று பார்த்ததே இல்லை. இடது கையில்தான் கட்டியிருந்தான். அவனும் வத்தல்கடை வீட்டில் பிறந்தவன்தான். சொன்னதைக் காதில் வாங்கி, கட்டச் சொன்ன கையில் கட்டியிருக்கிறான்.

பேரன் காதுகுத்துப் பத்திரிகை அச்சாகி வந்தது. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன் மேல் பத்திரிகை வைத்து, மதுரையில் தம்பி வீட்டுக்குப் போனேன். எட்டு வருடத்துக்குப் பிறகு அழைப்பு மணியை அழுத்தினேன். கதவைத் திறந்த அவன் மனைவி, "அத்தான்" என்றவள் உள்ளே ஓடினாள்.

சிதம்பரம் வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. "வாங்கண்ணே" என்றான், நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்த மாதிரி. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பத்திரிகையைப் படித்தான். அவன் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. பிறகு மேலும் கீழும் தேடியது.

"என் பேரு முதல்ல இருக்கு. உங்க பேரு எங்கண்ணே? அச்சுல விட்டுட்டானா?"

"நான்தான் போட வேண்டாம்னேன்."

"எதுக்கு?"

வரும்போது பஸ்ஸில் எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன்.

"நாலு நிமிஷம்" என்றேன். "அந்தப் பட்டையோட நான் நாலு நிமிஷம்தான்டா தாங்குனேன்."

அவன் என் முகத்தைப் பார்க்காமல் என் விரல்களைப் பார்த்தான். பத்தும் சரியாக இருக்கிறதா என்று எண்ணுகிறவன் மாதிரி பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பத்திரிகையில் தன் பெயருக்கு மேலே என் பெயரை எழுதினான். எழுத்து கொஞ்சம் கோணியது.

"முதல் நாலு நிமிஷம்தாண்ணே கஷ்டம்" என்றான். "அதத் தாண்டிட்டா அப்புறம் ஒண்ணும் தெரியாது. நீங்க தாண்டுறதுக்குள்ள எடுத்துட்டீங்க, அவ்வளவுதான்."

அந்தச் சிவப்புக் கோட்டை நான் பார்த்திருக்கிறேன். கடைசி நிமிடம் வரைக்கும் அது ஏறிக்கொண்டேதான் போயிற்று. அவன் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"அப்படியா?" என்றேன்.

"ஆமாண்ணே" என்றான்.

அவன் மனைவி காபி கொண்டு வந்தாள். மலையில் நீட்டிய அதே வலது கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.